தையலுக்கு விட்ட துணி

என் அண்ணன் கோடு போடுகிறவன். தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைகிற ஆணையத்தில், வரைபடப் பிரிவில் அவனுக்கு வேலை. நான் துணியில் கோடு போடுகிறவள். வாசலறையில் ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான் என் கடை. யார் கோடு நேராக இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்தே போட்டி. என் கோடு கோணினால் ஒருத்தியின் சட்டை அக்குளில் பிடிக்கும். பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம். அவன் கோடு எங்கே போய்ப் பிடிக்கும் என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் ஒரு அறை, சாப்பாடு எங்களோடு. என் கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வருகிற நாள்களில் பாதி தூக்கத்திலேயே போய்விடும். அதனால் என் மகள் சிட்டுக்கு அப்பா பாதி, மாமா பாதி. சிட்டுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கைதான். அதை என்னைவிட முதலில் கற்றுக்கொண்டவன் அண்ணன். எனக்கு இப்போதும் கோபம் வந்தால் சைகை குழறும். அவனுடையது பென்சில் பிடித்துப் பழகிய விரல், தடுமாறவே தடுமாறாது. மாமாவும் மருமகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையாலேயே வம்பளப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரியும். கண்டுகொள்ள மாட்டேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ரயில் பாதை. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கேட் வழியாகச் சுற்றிப்போனால் அரை மணிக்கு மேல் ஆகும். ஆகவே மதில் உடைந்த இடத்தில் நுழைந்துதான் எல்லோரும் தாண்டுவார்கள், நாங்களும்தான். கிடங்குக்குப் பின்னால் தண்டவாளம் வளைவதால் ரயில் பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. மற்றவர்கள் காதை நம்பித் தாண்டுகிறார்கள். சிட்டு எதை நம்புவாள்? காலையும் மாலையும் நான்தான் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தேன். பன்னிரண்டு வயதானதும் அவள் கையை உதற ஆரம்பித்தாள்.

"கூடப் படிக்கிறவங்க சிரிக்கிறாங்க. நான் தனியா போறேன்" என்று கையால் சொல்வாள்.

"பாலம் வரட்டும்" என்பேன்.

பாலம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. எங்கள் தொகுதி உறுப்பினரை மெம்பர் என்றுதான் நாங்கள் சொல்வோம். தண்டவாளத்தின் இரண்டு பக்கத்து ஜனங்களும் சேர்ந்து அவரை நச்சரித்தோம். பிடுங்கல் தாங்காமல் அவரும் மேலே எழுதினார். ஆட்கள் வந்து நடைமேம்பாலத்துக்கு அளந்து, இரண்டு பக்க மதிலிலும் வெள்ளைப் பெயிண்டில் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சிட்டு தினமும் அந்தக் குறிகளைத் தொட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள்.

அப்போதுதான் பழக்கார அக்கா அந்தச் செய்தியோடு வந்தாள். பள்ளி வாசலில் தள்ளுவண்டி போட்டுப் பழம் விற்கிறவள். வீடு தெற்கே, பெரிய கால்வாயின் ஓரம். நான் தையலில் மாட்டிக்கொண்ட நாள்களில் வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போவாள். எனக்கு அவள் கூடப்பிறக்காத அக்கா.

"தொகுதியெல்லாம் மாத்தப் போறாங்களாம். லைப்ரரில மேப்பு மாட்டியிருக்காங்க, யார் வேணாலும் பாக்கலாமாம். உன் அண்ணன் சொல்லலையா?"

"அவனா? ஆபீஸ் விஷயத்தை வீட்டுல மூச்சு விட மாட்டான்."

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். ஊதா நிறத்தில் ஒரு கோடு, தண்டவாளத்தின் மேலேயே ஓடியது. பள்ளிக்கூடம் பழைய தொகுதியிலேயே இருந்தது. எங்கள் பக்கம் முழுக்க மேற்கே உள்ள வேறொரு தொகுதிக்குப் போயிருந்தது. வரப்போகிற பாலத்துக்கு ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. இனி இந்த மெம்பரைக் கேட்டால் அந்த மெம்பரைக் கைகாட்டுவார், அவரைக் கேட்டால் இவரை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

உதவி மேசையில் ஒரு இளம்பெண் இருந்தாள். அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள்.

"ஒவ்வொரு தொகுதியிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஜனங்க இருக்கணும்மா. அந்தப் பக்கம் அடுக்குமாடியா வந்து உங்க தொகுதி பெருத்துப் போச்சு. பக்கத்துத் தொகுதி இளைச்சுப் போச்சு. அதான் இங்கேருந்து கொஞ்சம் பேரை அங்க மாத்தறாங்க. இது வரைவுதான். ஆட்சேபனை சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"எனக்குப் பிடிக்கலைன்னு எழுதிக் கொடுத்தா போதுமா?"

"அப்படி எழுதினா ஃபைலுக்குள்ள போயிடும். யாரோட சேர்ந்திருக்கீங்க, எதுக்காகச் சேர்ந்தே இருக்கணும், அதை எழுதுங்க. கோட்டை வேற எங்க போடலாம்னும் காட்டுங்க. அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு, நேர்ல வந்து பேசுங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிட இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"தண்டவாளத்து மேல அந்தக் கோட்டைப் போட்டது யாரு?"

அவன் தட்டைப் பார்த்தான். "நான்தான்."

"உன் மருமக தினம் தாண்டற இடம்னு தெரியாதா உனக்கு?"

"எல்லை கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும், பாப்பா. ஆறு, ரோடு, தண்டவாளம். அதுல வீட்டைப் பார்த்து வரைய முடியாது."

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க! நான் ஆட்சேபனை கொடுக்கப் போறேன்."

"கொடு" என்றான். "கட்டாயம் கொடு. ஆனா இனிமே இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காதே."

சிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, என்ன சண்டை? என்ன கோடு?" என்று அவனிடம் கையால் கேட்டாள். அண்ணன் எழுந்தான். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டான். மற்ற வீடுகளில் அது ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் கையைப் பைக்குள் விடுவது, பேசிக்கொண்டிருக்கிற பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துவது போல. மறுநாளிலிருந்து அவன் சாப்பிடவும் வரவில்லை. கடைச் சாப்பாடு. போகட்டும், நாக்கு செத்தால்தான் புத்தி வரும் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

உதவி மேசைப் பெண் தெருக்களின் நகல் தாள்கள் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தெருக்கூட்டமும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஜனத்தொகை. பெருத்த சட்டையைப் பிடித்து இளைத்த சட்டையை விடுகிற வேலைதானே, இது நமக்குத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எங்கள் குடும்பச் சொத்து.

நாங்கள் போகாவிட்டால் எங்களுக்குப் பதிலாக வேறு யாராவது போயாக வேண்டும். துணி வளராதே. தெற்கே கால்வாய்க்கு அப்பால் இருக்கிறவர்களைப் போய்க் கேட்டோம். அவர்களுக்கு ஆஸ்பத்திரி, வேலை எல்லாமே ஏற்கெனவே மேற்குப் பக்கம்தான். மாறினால் நல்லது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கால்வாய்தான் புது எல்லை என்று முடிவு செய்தேன். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற கோடுதானே. பழக்கார அக்காவின் தெருக்கள் கால்வாய்க்கு இந்தப் பக்கம் என்பதால் அவள் எங்களோடேயே இருப்பாள்.

தாளில் காட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று துணியில் செய்தேன். எங்கள் தொகுதி மஞ்சள், பக்கத்துத் தொகுதி நீலம். நகல் தாள்களைக் கட்டம் கட்டமாக வெட்டி, துணியில் ஒட்டி, ஓரம் வெட்டி, ஒட்டியிருந்த கட்டங்களின் ஜனத்தொகையைக் கூட்டினேன். இளைத்த தொகுதி கச்சிதமாக நிரம்பியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறுபக்கத்தைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். பழக்கார அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு படுக்கை விரிப்பே தச்சிடலாம் போலிருக்கே" என்றாள்.

கூட்டம் ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. ஆணையத்தின் தலைவர் ஒரு பெண்மணி, ஓய்வு பெற்ற நீதிபதி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். முன்வரிசையில் நான், சிட்டு, அக்கா. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் அண்ணன் நின்றிருந்தான். சிட்டு திரும்பி, இத்தனை நாள் பேசாததையெல்லாம் மறந்துவிட்டு அவனிடம் கையை ஆட்டினாள். "மாமா, நம்ம கோடு வருமா?" அண்ணனின் கை பையை விட்டு வெளியே வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தையின் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்று மெல்ல இறங்கியது. அவனை அந்த இடத்திலேயே நான்கு கேள்வி கேட்டிருப்பேன், என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. "எங்க பொண்ணுக்கு ரயில் சத்தம் கேக்காதுங்க" என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு எப்படியோ வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டதால்தான் பாலம் இவ்வளவு தூரம் வந்தது, பிரித்தால் அது அநாதையாகிவிடும் என்று சொன்னேன். துணியை விரித்துக் காட்டினேன். தலைவர் அம்மா இறங்கி வந்து அதன் மேல் குனிந்தார்.

அப்போது பழக்கார அக்கா எழுந்தாள். "டெய்லரு, எங்க தெருவைக் காணோமே."

"இருக்கும்க்கா, நல்லா பாருங்க."

"கால்வாய் இருக்கு. கால்வாய்க்கு இந்தாண்ட சந்தை ரோடு இருக்கு. நடுவுல நாங்க எங்க?"

நானும் பார்த்தேன். மஞ்சளிலும் இல்லை, நீலத்திலும் இல்லை. தலைவர் அம்மா துணியைத் திருப்பினார். உள்பக்கம் தையலுக்கு வெளியே இரண்டு துண்டின் ஓரமும் நீட்டிக்கொண்டிருந்தன. அக்காவின் தெருக்கள் அங்கே இருந்தன. மஞ்சள் ஓரத்திலும் ஒட்டியிருந்தன, நீல ஓரத்திலும் ஒட்டியிருந்தன. எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கென்று ஓரம் விட்டு வெட்டுகிற கை இது. அந்த ஓரத்துக்கும் கட்டம் ஒட்டி, இரண்டு பக்கமும் கணக்கில் சேர்த்து, கடைசியில் உள்ளே மடித்தும் தைத்துவிட்டேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதாம்மா. ஓரம் விட்டு ரெண்டு தொகுதியில போட முடியாது" என்றார் தலைவர் அம்மா. மண்டபமே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவர் உடனே கையை உயர்த்திச் சிரிப்பை நிறுத்தினார். "கணக்கு தப்பு. சொன்ன காரணம் தப்பில்லை. அந்தத் தெருக்களும் அந்தப் பக்கம் போனாத்தான் கணக்கு நேராகும். கெடு முடிய இன்னும் நாள் இருக்கு. ஆனா நீங்களா வெட்டிடாதீங்க. அங்க இருக்கறவங்களைக் கேட்டுட்டு வாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான். என் மகளுக்குப் பாலம் வேண்டுமென்றால் என் அக்காவை வெட்டி அடுத்த தொகுதிக்குக் கொடுக்க வேண்டும். அவள் தெருவில் மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். வடிகாலுக்காக அவர்கள் மெம்பரிடம் நடையாய் நடந்ததில், அவர் இந்த வருஷம்தான் தலையை அசைத்திருந்தார். தொகுதி மாறினால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடுங்கக்கா. இத்தனை நாள் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன், இனியும் போறேன்" என்றேன்.

"எத்தனை வயசு வரைக்கும்? அவ கல்யாணத்துக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவியா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை எங்க தெருவுக்கு வா. அவளையும் கூட்டிட்டு வா."

போனோம். தெருமுனையில் நாற்காலிகள் போட்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் சலசலப்பு எழுந்தது. ஒரு மெக்கானிக் எழுந்து முகத்துக்கு நேராகவே கேட்டார். "உங்க பாலத்துக்கு நாங்க ஏம்மா போகணும்? எங்க வடிகாலு என்னாகறது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பழக்கார அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. சிட்டுவைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"நம்ம தெருவுல வந்து நிக்கிறது தண்ணி. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். இவளுக்கு வர்றது ரயிலு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அங்க போனாலும் வடிகாலுக்கு எங்களோட நடப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார். நடப்பேன் என்றேன். எல்லோரும் சம்மதிக்கவில்லை, நாலைந்து பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. சிட்டுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தேன். எல்லையைச் சந்தை ரோட்டுக்கு நகர்த்தி, அக்காவின் தெருக்களை நீலத்தில் வைத்தேன். இந்த முறை இரண்டு பக்கமும் கூட்டினேன், இரண்டு தடவை. மறுபடி வெட்டித் தைத்து, கையெழுத்துத் தாள்களோடு கெடு முடிவதற்குள் ஆணையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இறுதி வரைபடம் வெளியான அன்று மத்தியானம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் மெஷினை நிறுத்தவில்லை. அண்ணன் நேராகச் சிட்டுவின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தான். பைக்குள்ளிருந்து கையை எடுத்தான். "ஒரே பக்கம்" என்றன விரல்கள். "பள்ளிக்கூடமும் நீயும் ஒரே பக்கம்."

சிட்டு சிரிக்கவில்லை. "ஏன் என்கூடப் பேசலை?" என்று கேட்டாள்.

"வாயை மூடிக்க எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்தா என் கை பொய் சொல்லாது. அதான் உள்ளே வச்சேன்."

பிறகு என்னிடம் திரும்பி வாயால் சொன்னான். "நீ ஆட்சேபனை கொடுக்கப் போறேன்னு சொன்ன மறுநாளே ஆபீஸ்ல சொல்லிட்டேன், அது என் தங்கச்சின்னு. நம்ம தொகுதி மேப்பு வேலையை என்கிட்டேருந்து வாங்கிட்டாங்க. நான் ஏதாவது ஜாடை காட்டியிருந்தா, உன் கோடு நியாயமா இருந்தாலும் அண்ணன் போட்டுக் கொடுத்ததுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. புரியுதா?"

புரிந்தது. அதை ஒப்புக்கொள்கிற ஜாதி நான் இல்லை. "இளைச்சுத் துரும்பாயிட்ட. உக்காரு, சாப்பிடு" என்றேன். தட்டில் சோறு போடும்போது எனக்குக் கண் மறைத்தது. அவன் மேல் எனக்கு இருந்த பாசமெல்லாம் கோபமாகத்தான் வந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

பாலம் உடனே வந்துவிடவில்லை. அரசாங்கம் இல்லையா? அதற்குள் ஒரு மழைக்காலம் போனது. கொடுத்த வாக்குப்படி, அக்காவோடும் மெக்கானிக்கோடும் அவர்களுடைய புது மெம்பரின் அலுவலகத்துக்கு வடிகாலுக்காக அலைந்தேன். அங்கே இருந்த உதவியாளர் என் முகவரியைக் கேட்டுவிட்டு, "நீங்க பக்கத்துத் தொகுதிம்மா. உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "அவ எங்க தையலுக்கு விட்ட துணிங்க. நீங்க மனுவை வாங்குங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனுவை வாங்கிக்கொண்டார். வடிகாலுக்கு இப்போது அளந்திருக்கிறார்கள். விடுவதாக இல்லை நாங்கள்.

பாலம் திறந்த மறுநாள் காலையில் சிட்டு என் கையை விட்டாள். நான் படிக்கட்டின் கீழேயே நின்றேன். அக்கா வண்டியை அந்தப் பக்கம் பள்ளி வாசலில் போட்டுவிட்டு எனக்காக இந்தப் பக்கம் வந்திருந்தாள். பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பாலத்தின் நடுவில் போய் நின்றுவிட்டாள். ஏன் நிற்கிறாள் என்று நான் பதறும்போதே கிடங்குக்குப் பின்னாலிருந்து ரயில் வந்தது. நான் என்னை அறியாமல் அக்காவின் கையை இறுக்கிவிட்டேன். சிட்டு ஓடவில்லை. கம்பியில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு, கீழே ரயில் முழுவதும் போய் முடியும்வரை கண்ணை மூடி நின்றாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கையை உயர்த்திப் பெரிதாகப் பேசினாள்.

"என்ன சொல்றா?" என்றாள் அக்கா.

"ரயில் கையில கேட்டுச்சாம்" என்றேன். "நம்மளைப் போகச் சொல்றா."

"அப்ப போலாம் வா. அங்க வண்டி தனியா கிடக்கு."

ஆனால் அவளும் நகரவில்லை. மதிலின் உடைந்த இடத்தில் இரண்டு பேரும் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். சிட்டு அந்தப் பக்கம் இறங்கி, மதிலில் மங்கிப்போயிருந்த வெள்ளைக் குறியைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்குள் போனாள்.